மூலமும் உரையும் - க்வேக் விளையாட்டின் உருவக் கோப்புகளை வாசித்தல்

கல்வெட்டும் காப்பியமும் பேசும் இப்பக்கத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். சில வாரங்களுக்கு முன்பு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நண்பர் ஒருவர் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை வந்து சேர்ந்தார். கல்லூரி நாள்களில் இரவெல்லாம் கண்விழித்து ஆடிய 'க்வேக்' என்ற விளையாட்டு அதில் இருந்தது. அதனுள் எம்.டி.எல் என்று முடியும் கோப்புகள் பல. ஒன்றை எழுத்துத் தொகுப்பானில் திறந்து பார்த்தோம். நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் கறையான் அரித்த ஏடு போல ஒன்றும் புரியாத குறிகள்!

"இதற்குள் ஒரு மனித உருவம் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார் நண்பர். அந்தக் கேள்வியில் தொடங்கிய தேடல், நமக்கு மிகவும் பழக்கமான ஓரிடத்தில் வந்து முடிந்தது. அது என்ன இடம் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறோம்.

முதலில் சிறிது வரலாறு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் வரும் அரக்கர்கள் உண்மையில் தட்டையான படங்கள். ஓவியர் ஏட்ரியன் கார்மாக் களிமண்ணில் சில உருவங்களைச் செய்தார். கிரெகர் பன்ச்சட்ஸ் என்ற சிற்பி வேறு சில உருவங்களை வடித்துக் கொடுத்தார். அவற்றைச் சுற்றிலும் எட்டுத் திசைகளிலிருந்து படம்பிடித்துக் கணினியில் ஏற்றினார்கள். ஆடுபவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாரோ அந்தப் பக்கத்துப் படத்தைக் காட்டினால் போதும். கோயில் சுவரில் இருக்கும் புடைப்புச் சிற்பத்தைப் போன்றது இது. முன்னால் நின்று பார்க்கலாம், சுற்றி வர முடியாது.

1996 ஜூன் 22 அன்று வெளியான க்வேக் இந்த நிலையை மாற்றியது. அதன் மாந்தரும் அரக்கரும் முழுச் சிற்பங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் எந்தக் கோணத்திலும் பார்க்கலாம். ஒவ்வோர் உருவமும் சில நூறு முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முனைகள். ஒவ்வொரு முனைக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள். இதைக் கோப்பாக எழுதி வைப்பதில் என்ன கடினம் என்று தோன்றும். கடினம் அந்தக் காலத்துக் கணினியின் நினைவகத்தில் இருந்தது. டாஸ் இயங்குதளத்தில் 8 மெகாபைட் நினைவகம் இருந்தாலே க்வேக் ஓடவேண்டும். மாளிகை, அரக்கர்கள், ஒலிகள், நிரல் என்று அத்தனையும் அந்த எட்டுக்குள் அடங்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். க்வேக்கின் நாயக உருவத்துக்கு ஓடுதல், நிற்றல், கோடரி வீசுதல், அடிபடுதல், பல விதமாக மடிதல் என்று மொத்தம் 143 நிலைகள் உண்டு. இந்த ஒவ்வொரு நிலைக்கும் உருவத்தின் அத்தனை முனைகளையும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய சினிமாச் சுருளில் படம் படமாக இருப்பதைப் போல என்று கொள்ளலாம். ஓர் உருவத்தில் 200 முனைகள் இருப்பதாகக் கொள்வோம். தசமப் புள்ளி எண் ஒன்றுக்கு 4 பைட் என்றால் முனை ஒன்றின் இடத்தைக் குறிக்க 12 பைட் தேவை. அம்முனை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று எழுதினால்தான் அதன்மேல் ஒளி விழுவதைக் கணக்கிட முடியும். அதற்கு இன்னும் 12 பைட். ஆக 24 பைட். இதை 200 முனைகளாலும் 143 நிலைகளாலும் பெருக்கினால் 6,86,400 பைட் வருகிறது. ஒரே ஓர் உருவத்துக்கு மட்டும் இவ்வளவு!

ஐடி நிறுவனத்தார் இதை முனைக்கு வெறும் 4 பைட் என்று சுருக்கினார்கள். அதே கணக்கு 1,14,400 பைட்டில் முடிந்துவிடுகிறது. ஆறில் ஒரு பங்கு. எப்படிச் சுருக்கினார்கள் என்பதுதான் இந்தக் கோப்பு வடிவத்தின் சுவையான பகுதி.

கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று மங்கலமாகத் தொடங்கி, பிறகு மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லும் அல்லவா? இந்தக் கோப்பும் ஏறக்குறைய அப்படித்தான். முதலில் ஐ, டி, பி, ஓ என்று நான்கு எழுத்துகள். நாம் கண்ட நான்கு எழுத்துகள் இவையே. அடுத்து 6 என்ற பதிப்பு எண். பிறகு அளவு விகிதம், நகர்த்தும் தொலைவு, உருவத்தின் ஆரம், கண் இருக்கும் இடம், தோல்களின் எண்ணிக்கை, தோலின் அகல உயரங்கள், முனைகள் எத்தனை, முக்கோணங்கள் எத்தனை, நிலைகள் எத்தனை என்று வரிசையாகச் சொல்லி 84 பைட்டில் முகப்பு முடிகிறது. அதன்பின் தோல், தோலில் முனைகளின் இடம், முக்கோணங்கள், நிலைகள் என்ற வரிசையில் செய்திகள் வருகின்றன.

அளவு விகிதமும் நகர்த்தும் தொலைவுமே சுருக்கத்தின் திறவுகோல். உருவத்தின் எல்லா நிலைகளையும் உள்ளடக்கும் ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் 0 முதல் 255 வரையான படிகளாகப் பிரிக்கிறார்கள். முனை எத்தனையாவது படியில் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும், ஒரு திசைக்கு ஒரு பைட். படிப்பவர் அந்த எண்ணை அளவு விகிதத்தால் பெருக்கி, நகர்த்தும் தொலைவைக் கூட்டினால் உண்மையான இடம் கிடைத்துவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முனைகள் படிகளில் மட்டுமே நிற்க முடியும், இடையில் நிற்க முடியாது. ஆகவே உருவம் மெல்ல அசையும்போது முனைகள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுகின்றன. க்வேக் ஆடியவர்களுக்குத் தெரியும், அதன் அரக்கர்கள் நுங்கு போல லேசாகத் தளும்புவார்கள். அது அச்சத்தை ஊட்டுவதற்காகச் செய்த வேலை அன்று. ஒரு பைட்டுக்குள் அடக்கியதால் வந்த தளும்பல்!

நான்காவது பைட் முனையின் திசைக்கு உரியது. மூன்று தசம எண்களை எப்படி ஒரே பைட்டில் அடக்குவது? எழுதாமலே விடுவதுதான் வழி. எல்லாத் திசைகளையும் ஏறக்குறைய சீராகப் பங்கிடும் 162 திசைகளை ஒரு பட்டியலாகத் தயாரித்து நிரலுக்குள் வைத்துவிட்டார்கள். கோப்பில் இருப்பது பட்டியலின் வரிசை எண் மட்டுமே. அது என்ன 162? இருபது முக்கோண முகங்கள் கொண்ட திண்மத்துக்கு 12 முனைகள். ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பிரித்துக் கோளம் போல உப்பச் செய்தால் 42 முனைகள். மீண்டும் ஒருமுறை பிரித்தால் 162. வடிவியல் படித்த நண்பர் இந்த எண்ணைக் கண்டதுமே புன்னகைத்தார்.

தோலின் கதையும் இதுவே. உருவத்தின் மேல் போர்த்தும் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைட். அது நிறம் அன்று, நிறத்தின் வரிசை எண். 256 நிறங்கள் கொண்ட வண்ணத்தட்டு வேறொரு கோப்பில், சரியாக 768 பைட்டில் இருக்கிறது. அந்தத் தட்டு இல்லாமல் தோலைப் பார்த்தால் நாயகன் முகம் என்ன நிறம் என்றே தெரியாது. இங்கே நமக்கு ஓலைச்சுவடிகளின் நினைவு வந்தது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்பது ஒரு காரணம், படிப்பவருக்குத் தெரியும் என்பது இன்னொன்று. தெரிந்தவர்கள் இருக்கும்வரை அதனால் இடர் இல்லை. அவர்கள் மறைந்த பிறகுதான் ஒரே வரிக்கு இரண்டு பாடங்கள் தோன்றுகின்றன. 162 திசைகளும் 256 நிறங்களும் க்வேக் கோப்பில் வைக்கப்படாத புள்ளிகள்.

இப்போது வாசகர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். இத்தனையையும் வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தது சரிதான் என்று எப்படி உறுதி செய்வது?

உறுதி செய்யக் கூட்டல் போதும். முகப்புக்கு 84 பைட். தோல் ஒன்றுக்கு 4 பைட்டுடன் அகலத்தை உயரத்தால் பெருக்கிய தொகை. முனை ஒன்றின் தோல் இடத்துக்கு 12. முக்கோணம் ஒன்றுக்கு 16. நிலை ஒன்றுக்கு 28 பைட்டுடன் முனைக்கு 4 வீதம். 300க்கு 200 அளவுள்ள ஒரு தோலும் 200 முனைகளும் 400 முக்கோணங்களும் 100 நிலைகளும் கொண்ட ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டால் 84, 60,004, 2,400, 6,400, 82,800 ஆகியவற்றைக் கூட்டி 1,51,688 வரவேண்டும். கோப்பின் அளவும் அதுவாகவே இருந்தால் நம் வாசிப்பு சரி. ஒரு பைட் குறைந்தாலும் கூடினாலும் எங்கோ பிழை. யாப்புத் தெரிந்தவர் தளை தட்டும் இடத்தில் பாடபேதத்தை ஐயுறுவது போன்றதுதான் இதுவும். (நிலைகளைக் குழுவாக அடுக்கிய சில கோப்புகளில் கணக்குச் சற்று மாறும். அதை இங்கே விரிக்கவில்லை.)

கண்டுபிடித்தவர்களின் கதைக்கு வருவோம். டூம் வெளிவந்த சில மாதங்களிலேயே ஆர்வலர்கள் அதன் தரவுக் கோப்பைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். மேட் ஃபெல் என்பவர் தொகுத்த அதிகாரபூர்வமற்ற டூம் விவரக் குறிப்பு 1994-ல் இணையத்தில் கைமாறியது. க்வேக் வந்ததும் ஒலிவியே மொந்தான்வி என்பவர் தலைமையில் பலர் சேர்ந்து அதேபோன்ற விவரக் குறிப்பை 1996-ல் உருவாக்கினார்கள். மூலநிரல் அப்போது வெளிவரவில்லை. நிறுவனம் வெளியிட்டிருந்த சில துணைக் கருவிகளே கையில் இருந்த ஆதாரம். மற்றதெல்லாம் ஒரு பைட்டை மாற்றுவது, விளையாட்டை ஓட்டுவது, உருவத்தில் எது கோணலாகிறது என்று பார்ப்பது, குறித்துக்கொள்வது என்ற பொறுமையான வேலை. ஊதியம் இல்லை. நிறுவனத்தின் ஆணையும் இல்லை.

இது முறையான செயல்தானா என்ற ஐயமும் அக்காலத்தில் இருந்தது. சேகா நிறுவனத்துக்கும் அக்கொலேட் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், இணக்கமான விளையாட்டுகளை உருவாக்குவதற்குத் தேவையான செயல்முறைகளை அறிய வேறு வழி இல்லாதபோது நிரலைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று 1992-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஐடி நிறுவனத்தில் நிரலாளர் ஜான் கார்மாக் ஆர்வலர்களின் பக்கம் நின்றார். பிறர் மாற்றிக்கொள்ள ஏதுவாகத் தரவையும் நிரலையும் தனித்தனியே பிரித்து வைத்தது டூமிலேயே தொடங்கிய வழக்கம். அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. ஆஸ்திரேலிய இளைஞர்கள் மூவர் க்வேக்கை மாற்றி 1996-ல் 'டீம் ஃபோர்ட்ரெஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார்கள். பின்னாளில் அது தனி விளையாட்டாகவே வளர்ந்தது.

இனி எங்கள் முயற்சி. விவரக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நண்பரின் மகளும் உதவ, சிறிய நிரல் ஒன்றை எழுதினோம். கூட்டல் கணக்கு முதல் நாளே சரியாக வந்துவிட்டது. ஆனால் படித்தல் வேறு, வரைதல் வேறு என்பதை அடுத்த மூன்று வாரங்கள் உணர்த்தின.

முதலில் திரையில் வந்த நாயகன் மல்லாந்து படுத்திருந்தான். க்வேக்கில் மூன்றாவது எண் உயரத்தைக் குறிக்கும். நாங்கள் பயன்படுத்திய ஓப்பன்-ஜிஎல் வழக்கத்தில் இரண்டாவது எண் உயரம். அதைத் திருத்தி நிமிர்த்தினால், முதுகுப்புறத்தின் உட்பக்கம் மார்பு வழியே தெரிந்தது. முக்கோணத்தின் முனைகளைக் கடிகார முள் செல்லும் திசையில் எழுதினால் அது முன்பக்கம் என்பது க்வேக்கின் மரபு. ஓப்பன்-ஜிஎல் இயல்பாக எதிர்த்திசையை முன்பக்கம் என்று கொள்கிறது. அதையும் மாற்றினோம். அடுத்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இருந்தது. பின்னந்தலையிலும் அதே முகம்! தோல் படத்தில் இடப்பாதி முன்புறம், வலப்பாதி பின்புறம். இரண்டும் சேரும் தையல் ஓரத்தில் இருக்கும் முனைகள் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கும். முக்கோணம் பின்புறத்தைச் சேர்ந்ததாக இருந்து, முனையும் தையலில் இருந்தால், தோலின் அகலத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளவேண்டும். தையலில் இல்லாத முனைகளுக்குக் கூட்டக்கூடாது. நாங்கள் முதலில் தையல் குறியையே தவறான இடத்திலிருந்து படித்திருந்தோம். ஒரே வரித் திருத்தம், ஆனால் அதைக் கண்டுபிடிக்க நான்கு இரவுகள் ஆயின.

கடைசியில் அசைவு. க்வேக் தன் உருவங்களை நொடிக்கு 10 நிலைகள் என்ற வேகத்தில் மாற்றும். இரண்டு நிலைகளுக்கு நடுவே அன்றைய நிரல் எதையும் இட்டு நிரப்பவில்லை. ஆகவே ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். இரு நிலைகளின் முனைகளுக்கு இடையில் விகிதப்படி நகர்த்தினால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தோம். வழுக்கும் ஓட்டம் அழகாகத்தான் இருந்தது. நண்பர் மட்டும், "இது நான் ஆடிய க்வேக் இல்லை" என்றார். பழம்பாடலைப் பதிப்பிப்பவர் சந்தி பிரித்து அச்சிடலாமா என்ற பழைய வாதம் நினைவுக்கு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

க்வேக்கின் வழித்தோன்றல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1997-ல் வந்த இரண்டாம் க்வேக்கின் எம்.டி.2 வடிவம், அளவு விகிதத்தை ஒவ்வொரு நிலைக்கும் தனியே எழுதித் தளும்பலைக் குறைத்தது. இடைநிலைகளை நிரப்பும் வழக்கமும் அதில் வந்துவிட்டது. 1998-ல் வந்த 'ஹாஃப்-லைஃப்' தன் கோப்புகளுக்கு அதே எம்.டி.எல் என்ற பெயரை வைத்துக்கொண்டு, உள்ளே எலும்புக்கூட்டை வைத்து அசைக்கும் முற்றிலும் வேறான முறையைக் கையாண்டது. பெயரை நம்பாதே, முதல் நான்கு எழுத்தைப் பார் என்ற பாடம் இங்கே பயன்படும். மூன்றாம் க்வேக் 1999-ல் உருவத்தைத் தலை, உடல், கால் என்று மூன்றாக வெட்டி இணைத்தது. 2004-ல் மூன்றாம் டூம் கொண்டுவந்த எம்.டி.5 வடிவமோ எவரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. சுருக்கி எழுதவேண்டிய வறுமை அதற்குள் தீர்ந்துவிட்டது.

1999 டிசம்பரில் ஐடி நிறுவனம் க்வேக்கின் மூலநிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டது. எம்.டி.எல் கோப்பின் அமைப்பை ஆர்வலர்கள் குறித்து வைத்தது சரிதான் என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை அன்று வந்தது. முன்பு பட்டியலாக மட்டுமே அறிந்திருந்தவற்றின் காரணங்களும் விளங்கின. 2006-ல் ஜான் ரோமெரோ வரைபடங்களின் மூலக் கோப்புகளையும் அதே உரிமத்தில் வெளியிட்டார். ஆனால் உருவங்களும் தோல்களும் ஒலிகளும் அந்த உரிமத்தில் அடங்கவில்லை. அவை நிறுவனத்தின் சொத்தாகவே நீடித்தன. 2021-ல் க்வேக்கின் புதுப்பதிப்பு வந்தபோது பழைய அரக்கர்கள் பலர் எம்.டி.5 வடிவில் புது உடல் பெற்றிருந்தார்கள். 25 ஆண்டுகளுக்குப் பின் இப்படி ஒரு மறுபிறவி எல்லா விளையாட்டுகளுக்கும் வாய்ப்பதில்லை.

அந்த 'வாய்ப்பதில்லை' என்ற சொல்தான் நம்மை உறுத்துகிறது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அச்சில் இல்லாத விளையாட்டுகளை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தத் தரலாம் என்ற விதிவிலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. தகடுகள் ஒருபுறம் தேய்கின்றன. அவற்றிலிருந்து கோப்புகளை மீட்டாலும், அவற்றின் பொருளை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். மூடப்பட்ட எத்தனையோ நிறுவனங்களின் கோப்புகளுக்கு இன்று உரை இல்லை.

உரை. தொடக்கத்தில் சொன்ன பழக்கமான இடம் இதுதான். சங்கப் பாடல்களின் மூலம் மட்டும் ஏட்டில் எஞ்சி, உரை ஒன்றுகூடக் கிடைக்காமல் போயிருந்தால் இன்று நமக்கு எவ்வளவு விளங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய உரைகாரர்களில் சிலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் யாரும் ஆணையிடவில்லை. தமக்குப் புரிந்ததைப் பின்வருபவருக்குப் புரியும்படி எழுதி வைத்தார்கள். 1996-ல் பைட் பைட்டாக மாற்றிப் பார்த்துக் குறிப்பெழுதியவர்களையும் அந்த வரிசையின் கடைக்கோடியில் வைத்துப் பார்க்கவே நமக்கு விருப்பம். அவர்கள் எழுதிய உரை இருந்ததால்தான், பரணில் கிடந்த தகட்டிலிருந்த ஒருவனை எங்களால் எழுப்பி நிற்கவைக்க முடிந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய தகடோ வட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள கோப்பைப் படி எடுத்து வைப்பதோடு, அது என்ன, எந்த நிரலில் திறக்கும், எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று நான்கு வரி எழுதி உடன் வையுங்கள். மூலத்தைப் பாதுகாப்பவர்கள் பலர் கிடைக்கக்கூடும். அந்த நான்கு வரி உரையை எழுதத் தெரிந்தவர் ஒருவேளை நீங்கள் ஒருவராக மட்டுமே இருக்கலாம்.

நண்பரின் நாயகன் இப்போது எங்கள் திரையில் நின்றபடி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். 5 நிலைகள், லேசான தளும்பலுடன்.